யூனியா கொடுத்த தோள்

எங்கள் மலையில் யூனியாவின் சோளக்கள்ளுக்கு இருந்த மரியாதை பிஷப்புக்குக்கூட இருந்ததில்லை. சோளத்தைச் சாம்பலில் புரட்டி முளைகட்ட வைப்பதிலிருந்து பானையை மூடி வைப்பதுவரை இன்னொரு கையைத் தொடவிட மாட்டாள். நான் யோராமு. டோலிச் சங்கத்தில் இருபது வருஷம் தோள் கொடுத்தவன், அந்தக் கள்ளை வயிறு முட்டக் குடித்தவன். அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளைக் கண்டு நான் சிரித்ததையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

டோலி இல்லாவிட்டால் எங்கள் மலையில் பாதிப்பேர் மண்ணுக்குள் இருப்போம். வண்டி கீழே ரோட்டோடு நின்றுவிடும். உச்சியிலிருந்து ரோட்டுக்கு இரண்டு மணி நேர இறக்கம், மழை பெய்தால் மூன்று. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் கொம்பு ஊதுவார்கள். பதினாறு ஆண்கள் ஓடிவந்து, நீளக் கழிகளில் கட்டிய கூடைப் படுக்கையில் நோயாளியைக் கிடத்தி, நான்கு நான்கு பேராகத் தோள் மாற்றி இறக்குவோம். இருப்பதே ஒரு டோலிதான். வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆண் இல்லாத வீடு தோளுக்குப் பதில் கள் வடித்து ரோட்டோரம் வைக்க வேண்டும். இரண்டும் கொடுக்காத வீட்டின் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் இல்லாத வீட்டுக்கு யாரும் டோலி எடுக்க மாட்டார்கள்.

யூனியாவின் புருஷன் இறந்து ஆறு வருஷம் அவள் குறையில்லாமல் கள் வடித்துக் கொடுத்தாள். அப்புறம் அவள் இரட்சிக்கப்பட்டாள். எங்கள் பக்கம் இரட்சிக்கப்பட்டவர்கள் சும்மா ஞாயிறு கோவிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இல்லை. கள்ளைத் தொட மாட்டார்கள், வடிக்கவும் மாட்டார்கள். செய்த தப்பைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வார்கள். யாருக்குத் தப்பு செய்தார்களோ அவர் வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்பார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. நாம் மறந்துபோன திருட்டையெல்லாம் கிளறிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

சங்கக் கூட்டத்தில் யூனியா எழுந்து, இனிமேல் கள் கிடையாது என்றாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். புதிதாக இரட்சிக்கப்பட்ட சூடு, உட்கார விடவில்லை.

"பன்னிங்களுக்குக் கழுநீர் ஊத்துற வேலை எனக்கு இன்னியோட முடிஞ்சுது" என்றாள்.

சங்கத் தலைவர் ஏனோக்கா நல்ல மனிதர்தான், ஆனால் ரோஷக்காரர். அவர் முகம் சிவந்துபோனது.

"பன்னிங்களோட தோள் மட்டும் உனக்கு எதுக்கும்மா? அவ பேரை அடிங்கப்பா."

அடித்தார்கள். எங்களுக்குக் கோபம் பன்றி என்றதற்கா, கள் போனதற்கா என்று கேட்டால், என் வரையில் கள் போனதற்குத்தான்.

நான்கு மாதம் கழித்து அவள் மகள் கெமிகிஷா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். புருஷன் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தூரத்தில் இருந்தான். கெமிகிஷாவின் முதல் குழந்தை இரண்டு நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்தது. அடுத்த தடவை வலி எடுத்த உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் தாயும் தங்க மாட்டாள் என்று கபாலே டவுன் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகள் வயிறு இறங்கிக்கொண்டிருக்கிறது. டோலியில் பெயர் இல்லை. ஒரே ஒரு பானை வடித்தால் போதும், பெயர் மறுபடி ஏறிவிடும்.

யூனியா மூன்று நாள் அவரைத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே ஜெபம் பண்ணினாளாம். ஏனோக்காவின் மனதை மாற்றும் என்று கேட்டாளாம். ஆண்டவர் அவர் மனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொன்ன அந்தப் பன்றி என்கிற சொல்தான் திரும்பத் திரும்ப அவள் காதில் விழுந்ததாம். கள் வடிக்காதே என்பது அவளுக்குச் சுலபமான கட்டளை. போய் மன்னிப்புக் கேள் என்பது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அவளுடைய கூட்டத்துப் பெண்களே தடுத்தார்கள், குடிகாரர்கள்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று.

அவள் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. நாங்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்தாள்.

"அடடே, பன்னிக் கூட்டத்துல உங்களுக்கு என்னக்கா வேலை?" என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

யூனியா ஏனோக்காவின் முன்னால் மண்டியிட்டாள். வணக்கம் சொல்லப் பெண்கள் மண்டியிடுவது எங்கள் வழக்கம்தான். அவள் வணக்கம் சொல்லி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு உங்களையெல்லாம் பன்னின்னு சொன்னேன். ஆண்டவர் அப்படிச் சொல்லச் சொல்லல. என் திமிருதான் சொல்லுச்சு. மன்னிச்சிடுங்க."

ஏனோக்கா குழலை வாயிலிருந்து எடுத்தார். "சரி, சரி. பொம்பளை இவ்வளவு தூரம் இறங்கி வந்துட்ட. பானை என்னிக்கு வைக்கிற?"

"பானை வைக்க மாட்டேண்ணே."

"அப்புறம் எதுக்கு மண்டி போட்ட?"

"தப்பு பண்ணினதுக்கு. கள்ளுக்காக இல்ல."

"அப்போ உன் வீட்டுக் கணக்குக்கு என்ன தருவ? புளிக்காத கஞ்சியா? கஞ்சி குடிக்கவா நாங்க மலை இறங்குறோம்?"

"தோள் தரேன்."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "பொம்பளைங்க டோலி மேல படுப்பாங்க, கேட்டிருக்கேன். கழிக்கு அடியில நிப்பாங்கன்னு இப்பத்தான் கேக்கறேன்!" குழல்கள் பானையில் தெறித்து விழும்படி எல்லாரும் சிரித்தார்கள். யூனியா மண்டியிட்டபடியே காத்திருந்தாள். சிரிப்பு தானாக ஓய்ந்தது. அவள் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சட்டத்துல வீட்டுக்கு ஒரு தோளுன்னுதானே இருக்கு, ஆம்பளைத் தோளுன்னு இல்லையே" என்றாள்.

ஏனோக்கா தாடையைச் சொறிந்தார். "சரி. அடுத்த தூக்கு உன்னோடது. உச்சியிலேருந்து ரோடு வரைக்கும். உன் முறையில ஒரு தடவை கழியைக் கீழ விட்டாலும் பேரு கிடையாது. அப்புறம் பானையோடதான் வரணும்."

"சரிண்ணே" என்று எழுந்து போனாள். முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கொம்பு ஊதியது. நல்ல மழை. போய்ப் பார்த்தால் கரெகியேசா, எங்கள் மலையிலேயே கனத்த மனிதன். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவனாக உட்காருகிறவன். குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"யூனியாக்கா, உங்க ஆண்டவரு உங்களுக்குன்னு ஆளைப் பொறுக்கித்தான் எடுத்திருக்காரு" என்று ஒருவன் சொன்னான். அவள் பழைய துணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

ஏனோக்கா அவளை முன்கழியில் நிறுத்தினார். இறக்கத்தில் கனமெல்லாம் முன்னால் நிற்பவர் மேல்தான் சரியும். அவள் எங்களைவிடக் குள்ளம் வேறு. அவளுக்கு நேர் பின்னால் நான். முதல் முறை முடிந்ததும் விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விழவில்லை. இரண்டாவது முறையில் சேற்றில் வழுக்கி ஒரு முட்டி தரையில் இடித்தது. கழி மட்டும் தோளைவிட்டு இறங்கவில்லை. மூன்றாவது முறையில் அவள் ரவிக்கையின் தோள் சிவப்பாகிவிட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் கேலி பேசவில்லை.

ஓடைக்குச் சற்று மேலே போகும்போது யூனியாவின் பக்கத்து வீட்டுக்காரி மேலிருந்து சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தாள்.

"யூனியா! கெமிகிஷாவுக்கு வலி எடுத்துடுச்சு! பனிக்குடம் உடைஞ்சுடுச்சுடி!"

டோலி நின்றது. அப்போது யூனியாவின் முறை. கழி அவள் தோளில் இருந்தது. ஏனோக்கா பக்கத்தில் வந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"நீ போம்மா. கழியைக் குடு. போ."

"போய் என்ன பண்ணண்ணே? அவளைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வரவா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்த மனுஷன் ரோட்டுக்குப் போகாம டோலி காலியாகாது. நடங்க."

"யூனியா…"

"நடங்கன்றேன்ல!"

நடந்தோம். அந்த ஓடையிலிருந்து ரோடுவரை நான் பார்த்தது அவள் முதுகைத்தான். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளா ஜெபம் பண்ணுகிறாளா என்று தெரியவில்லை, உதடு மட்டும் ஓயாமல் அசைந்ததாகப் பக்கத்துக் கழிக்காரன் பிறகு சொன்னான். முறை மாற்றச் சொன்னபோதும் கேட்கவில்லை. இரண்டு முறைகளை ஒன்றாகச் சுமந்தாள்.

ரோட்டில் வண்டி தயாராக நின்றது. கரெகியேசாவை ஏற்றினோம். வழக்கப்படி ரோட்டோரம் கள்பானை காத்திருந்தது. பதினைந்து ஆண்கள், மழையில் நனைந்து, களைத்து நிற்கிறோம். நான் பானையைப் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். ஏனோக்கா பானைப் பக்கம் திரும்பவே இல்லை. காலி டோலியின் கழியைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நாங்கள் ஓடினோம். அந்த மலையில் நான் இறங்கி ஓடியிருக்கிறேன். ஏறி ஓடியது அன்று ஒரு நாள்தான்.

யூனியாவால் எங்களோடு வர முடியவில்லை. நாங்கள் கெமிகிஷாவைக் கிடத்தி எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவள் ஓடைக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். டோலியைக் கண்டதும், வழிவிடுவது எல்லாருக்கும் உள்ள சட்டம் ஆயிற்றே, ஒதுங்கி நின்றாள். மகள் உயிரோடு முனகுவதைக் கேட்டதும் தன்னையறியாமல் தோளைக் கழிக்கு அடியில் கொடுக்க வந்தாள்.

"ஏய், தள்ளு" என்று ஏனோக்கா அதட்டினார். "உன் வீட்டுத் தோள் கொடுத்தாச்சு. மகளோட கையைப் பிடிச்சுக்கிட்டு வா."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. கரெகியேசாவின் வயிற்றையும் கிழித்துத் தைத்து அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து இரட்சிக்கப்பட்டவர்கள் தைலமரத் தோப்பில் கூட்டம் போட்டார்கள். யூனியா சாட்சி சொல்லப் போகிறாள் என்று கேள்விப்பட்டு மலையே திரண்டது. கரெகியேசா வயிற்றில் துணி சுற்றிக்கொண்டு முன்வரிசையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான், நன்றி சொல்ல வந்தவன். ஏனோக்காவும் நானும் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றோம். குடிகாரர்களை ஆண்டவர் எப்படித் தோற்கடித்தார் என்று அவள் சொல்லப் போகிறாள், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இரண்டு பேரும் தயாராக இருந்தோம்.

யூனியா எழுந்தாள். தோளில் இன்னும் கட்டு இருந்தது.

"செய்தி வந்தப்போ நான் நடங்கன்னு சொன்னேனாம். எங்க போனாலும் அதையே சொல்றாங்க. அதை நிறுத்துங்க. வாய்தான் நடங்கன்னுச்சு. மனசு என்ன கேட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இந்த மனுஷன் இங்கேயே செத்துட்டா டோலி காலியாயிடும், திரும்பிடலாம்னு கேட்டுச்சு. ஒரு தடவை இல்ல. ஓடையிலேருந்து ரோடு வரைக்கும், ஒவ்வொரு அடிக்கும், ஆண்டவர்கிட்டயே கேட்டேன்." அவள் கரெகியேசாவின் முன்னால் போய் மண்டியிட்டாள். "அண்ணே, உங்களைச் சுமந்துக்கிட்டே உங்களைச் சாகச் சொன்னவ நான். மன்னிச்சிடுங்க."

யாராவது தப்பை அறிக்கை செய்தால் உடனே பாட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். அன்று ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. கரெகியேசா தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அவள் கையைப் பிடித்தான்.

"எந்திரி தங்கச்சி. வயிறுதான் கெட்டிருந்துச்சு, காது நல்லாத்தான் இருந்துச்சு எனக்கு. அந்தச் செய்தி எனக்கும் கேட்டுச்சு. என்னை எடுத்துக்கோ, அந்தப் பொம்பளை மக கிட்டப் போகட்டும்னு நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு வந்தேன். ரெண்டு பேரு கேட்டும் அவரு குடுக்கல பாரு."

முதலில் அழுதது ஏனோக்கா. இரண்டாவதாக அழுதது யார் என்று நான் சொல்லப் போவதில்லை.