நெட்டித் துண்டு அசையாத காலை

எண்ணெய் போன தலையில் கறுப்பு ரப்பர் சீப்பை வேகமாக இழுத்தால் மெல்லிய ‘சடசட’ கேட்கும், மயிர்க்கால்கள் கூசும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பூந்தமல்லிப் பக்கத்து நூம்பல் கிராமத்தில், ஆனி மாதத்து வறண்ட மேல்காற்று நாட்களில், விஞ்ஞானத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு இதுதான்: தலையைக் கொடுத்தேன், மூளையை யாரும் கேட்கவில்லை.

தலையைக் கேட்டவள், பூந்தமல்லியில் பள்ளிப் படிப்பை முடித்திருந்த செல்லம்மா அக்கா. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வராது என்று முதல் நாளே சீயக்காய் போட்டு என் மண்டையைத் தேய்த்து வைப்பாள். ஏரியில் முளைக்கும் நெட்டியின் பஞ்சு போல் லேசான தண்டைத் தீக்குச்சி அளவு சீவி, நடுவில் பட்டு நூல் கட்டி, கதவு சாத்திய அறையில் தொங்கவிடுவாள். தேய்த்த சீப்பைக் கிட்டே காட்டினால் அது திரும்பும், தாண்டிப் போகும், மறுபடி வரும், ஆடி ஆடிச் சீப்பையே நோக்கி நெருங்கும்.

“கிட்ட கீற முனைல ஒரு கரண்டு, எட்ட கீற முனைல அதுக்கு எதிர் கரண்டு. கூட்னா பூஜ்யம்தான். ஆனா சீப்பாண்ட இழுப்பு ஜாஸ்தி, தள்ளிப் போனா கம்மி. அதான்டா மொத்தமா இஸ்துக்குது” என்பாள்.

அவளுக்குப் பட்டணத்துக் கல்லூரியில் சேர ஆசை. அப்பா முடிவைத் தாய்மாமனிடம் தள்ளிவிட்டார். மாமாவோ திருவேற்காட்டில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார், என்றாலும் நியாயஸ்தர். “அப்டி இன்னாதான் படிச்சிகீறே? ஒருவாட்டி காட்டு, அப்பால பேசலாம்” என்றிருந்தார்.

அவர் வரவிருந்த காலையில், அக்கா அடுக்களையில் இருந்தபோது, அம்மா என்னைப் பிடித்தாள். “மாமா வர்ற நேரத்துல பரட்டத் தலையோட நிக்கிறியே!” என்று கை நிறைய நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டாள்.

மாமா வந்து உட்கார்ந்தார். அக்கா என் தலையில் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் சீப்பை இழுத்தாள். சத்தமில்லை. நெட்டி அசையவில்லை.

“இன்னாம்மே, உன் கரண்டு தூங்கிகினு கீதா?” என்றார் மாமா. அப்பாவும் சிரித்தார்.

எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வசவு முழுக்க அம்மாவுக்கு விழுந்திருக்கும். கதவோரம் பூரிப்போடு நின்ற அம்மாவை அக்கா ஒருமுறை பார்த்தாள். “வர்ல மாமா” என்றாள்.

ஆவணியில் கல்யாணம். தலைதீபாவளிக்கு வந்தவளிடம் நான் சீப்பை நீட்டியபோது, “மழைடா, வராது” என்று கையில் வாங்காமலே உள்ளே போனாள்.

நெட்டி முளைத்த இடத்தில் இன்று மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. இருந்தவரை அம்மாவுக்கு அந்தக் காலையைப் பற்றிப் பேசி அலுத்ததேயில்லை: “எம்புள்ள அன்னிக்கு எவ்ளோ லட்சணமா இருந்தான் தெரியுமா!” பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி அக்கா சொல்வாள்: “ஆமாம்மா.”