சிக்னல் போன இடத்தில் மருந்தைத் தேடியவர்

கராச்சர்மாவிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் தீவு ஆஸ்பத்திரியின் வார்டு சிஸ்டர் மௌஷுமி போனில் அழுதாள். "அண்ணா, வைதேகி மேடம் நஹீ ரஹீ. போயிட்டாங்க." சென்னையில் ஆபரேஷன் முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவர் டாக்டர் வைதேகி. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிறவரா அவர்?

எந்தச் சண்டை என்று அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பொது மருத்துவத் துறையின் தலைவர், நான் அதே ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். மருந்தின் அளவு என்ன, எதோடு எது சேராது என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க ஒரு தகவல் தளத்துக்குச் சந்தா கட்டுவதென்று முடிவாகியிருந்தது. எந்தத் தளத்துக்குக் கட்டுவது? டாக்டர்கள் பலரும் கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கும்போது பழகிய வெளிநாட்டுத் தளத்தையே கேட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை வரை அதில் எல்லாம் உண்டு, நெட் இருந்தால்.

"வார்டுல நின்னு இத தொறந்து பாக்கப் போறது யாரு? அவங்கள யாராவது கேட்டீங்களா?" என்று கூட்டத்தில் கேட்டார் மேடம். கேட்டதோடு நிற்கவில்லை. வார்டுக்குப் போய் மௌஷுமியைக் கூட்டிவந்து டாக்டர்களுக்கு நடுவில் உட்காரவைத்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், ஹம்கோ பஸ் இத்னா சாஹியே. எங்களுக்கு இவ்ளோதான் வேணும். இந்த ஊசி எதுல கலக்கணும், எவ்ளோ மெதுவா போடணும். தேடுனா உடனே வரணும்."

என் பங்குக்கு நானும் வாய் திறந்தேன். இங்கே ஒவ்வொரு கப்பலிலும் ஒரே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயரில் வந்து இறங்கும். லம்பா லைன் பகுதிப் பெரியவர் ஒருவர் பழைய மாத்திரை அட்டையும் புதிய அட்டையும் இரண்டு மருந்து என்று நினைத்து, இரண்டு பிரஷர் மாத்திரையையும் விழுங்கிவிட்டு மயங்கி விழுந்தார். நம் ஊரில் கிடைக்கும் கம்பெனிப் பெயரைப் போட்டால் உள்ளே இருப்பது என்ன மருந்து என்று சொல்லாத தளம் நமக்கு எதற்கு?

அப்போதும் யாரும் இறங்கி வரவில்லை. மேடம் அந்த வெளிநாட்டுத் தளத்தின் விற்பனையாளரை ஹேவ்லாக் தீவு மருத்துவ முகாமுக்குக் கூடவே கப்பலில் அழைத்துப் போனார். நானும் போனேன். நடுக்கடலில் சிக்னல் போனதும் ஆரம்பித்தார். "தம்பி, கிட்னி கெட்டவருக்கு இந்த ஆன்டிபயாடிக் எவ்ளோ குடுக்கலாம்? தேடுங்க." திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் விற்பனையாளருக்குத் தலையும் சுற்றியது. வாந்தி மாத்திரை கொடுத்தவரும் மேடம்தான். "உங்க சரக்கு நல்ல சரக்குதான். ஆனா நெட் வர்ற வரைக்கும் என் பேஷண்ட் காத்திருக்க மாட்டார்."

கடைசியில் நெட் இல்லாமலும் திறக்கிற, இங்குள்ள பெயர்களைத் தெரிந்த ஒரு தளத்தை வாங்கினோம். அதற்காக அவர் தொட்டதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். வாய் பொல்லாதது. "பயமா இருந்தா ஃபார்மசிய பூட்டிட்டு மெயின்லேண்டுக்குப் போயிருங்க" என்று, நான் தயங்கிய ஒரு நாள், என்னையே எல்லோர் முன்னிலும் ஏசியிருக்கிறார். அது இன்னும் வலிக்கிறது.

அவர் இறந்த வாரமே சந்தாவைப் புதுப்பிக்கும் கூட்டம் நடந்தது. எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். உட்கார்ந்ததுதான் தாமதம், ஒரு டாக்டர் சொன்னார்: "மேடம் ஒருத்தங்கதான் பிடிவாதமா இருந்தாங்க. இனிமே எல்லாருக்கும் பிடிச்சதையே வாங்கிடலாமே."

நான் மறுபடி எழுந்தேன். "மேடம் இல்ல சார். நான் இருக்கேன்."

பின்வரிசையில் மௌஷுமி எழுந்தாள். "மைன் பி ஹூன். நானும் இருக்கேன்."

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வைதேகி மேடத்திடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அடுத்த கூட்டத்துக்கு எல்லா வார்டு சிஸ்டர்களும் வருகிறார்கள். நாற்காலி போதாவிட்டால் நின்றுகொண்டே பேசுவோம்.