எப்பனா ஒரு தபா

ஆறாம் வகுப்பிலேயே எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பது எங்கள் வீட்டில் மட்டும் உலவிய வதந்தி. அதை நம்பித்தான் அம்மா, அப்பாவை டாக்டரிடம் காட்டப் போனபோது, பள்ளிக்கு லீவு போடச் சொல்லி என்னையும் அரக்கோணத்துக்கு ரயிலேற்றினாள். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை. நாள் முழுக்க உட்கார்ந்து மாலை கட்டுகிற வேலை. முன்பெல்லாம் கிருத்திகைக்கு எங்களோடு படியேறுவார். அந்த வருஷம் வியாபாரத்தைச் சாக்குச் சொல்லி எங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருமுறை அம்மா விடாப்பிடியாக அழைத்துப் போக, பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயு என்றார். அம்மா நம்பவில்லை.

வலி எப்போதெல்லாம் வருகிறது என்று டாக்டரம்மா ஆங்கிலத்தில் கேட்டார். நான் நைனாவிடம் கேட்டேன்.

"எப்பனா ஒரு தபா வரும்மா. அவ்ளோதான்."

இந்த 'எப்பனா'வுக்குச் சம்டைம்ஸா, ஒக்கேஷனலியா, ரேர்லியா? மூன்றும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத்தான் இருந்தன. இருப்பதிலேயே சாதுவான ரேர்லியைச் சொன்னேன். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். பேனாவை மூடப்போனவர், என்ன தோன்றியதோ, "ரேர்லி? ஆர் வெனெவர் ஹி கிளைம்ப்ஸ்?" என்று கேட்டு, இரண்டு விரல்களால் மேசைமேல் படியேறிக் காட்டினார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. அபூர்வமாக ஏறுகிறவருக்கு அபூர்வமாகத்தானே வலி வரும்? இருந்தாலும் கேட்டேன்.

"நைனா, படி ஏறச்சொல்ல எல்லாம் வருதா?"

நைனா மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆங்" என்றார் மெதுவாக. "ஏறும்போதெல்லாம் வருது. அதான் ஏறுறதில்ல."

"எத்தினி மாசமா?" என்று கேட்டாள் அம்மா.

"பொங்கலுக்கு முன்னாடியே வந்துகினு இருக்குது. உனக்கு எதுக்கு பயம்னு சொல்லல."

"எவ்ரி டைம்" என்றேன் நான். டாக்டரம்மா முன்னால் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அப்போதே ஈசிஜி எடுத்தார். மறுநாளே சென்னைக்குப் போகச் சொன்னார். இருதயக் குழாயில் பெரிய அடைப்பு, அங்கே சரிசெய்தார்கள். இன்றைக்கும் நைனா கடையில் உட்கார்ந்துகொண்டு, நான் வாரம் தவறாமல் போன் செய்வதில்லை என்று குறைப்படுகிறார். ஒரு சிறுமி சொன்னதை எழுதிக்கொண்ட பிறகும் இன்னொரு தடவை கேட்கத் தோன்றியதே அந்த அம்மாளுக்கு! அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று திரும்பி வரும் ரயிலில் அம்மா நைனாவுக்கு முகம் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டை நுனியை மட்டும் முஷ்டிக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள், திருத்தணி வரும்வரை. ஓடுகிற ரயிலில் நைனா எங்கே போய்விடப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.