‘சின்ன கண்டெய்னர்’ பிரேமலா

“இவன் வேலை ரசீது அடிக்கிறது. இவன் எதுக்குத் தராசைத் தானே செஞ்சுக்கிறான்?” என்று கேட்டபடி, பக்கத்து மேசை ரூபேந்திரனின் திரையில் ஒரு வரியின் மேல் நகத்தால் தட்டிக்கொண்டிருக்கிறார் பிரேமலா. ‘இவன்’ என்பது ஆள் இல்லை. நிரலின் ஒரு துண்டு. பிரேமலாவுக்கு நிரல் துண்டுகள் எல்லாமே இவன், அவன்தான். ஒழுங்காக நடந்துகொண்டால் மட்டும் ‘இவரு’ ஆவார்கள். ரூபேந்திரன் பெருமூச்சோடு அந்த வரியை அழித்த பிறகுதான் விரல் அங்கிருந்து நகர்கிறது.

உலு திராமில் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனம். கீழே நஜ்முதீன் பாயின் சாப்பாட்டுக் கடை. சீனி போடாத தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடிக்கக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பிரேமலா இறங்கி வருவார். யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் அவரையும் இழுத்து வந்து, தே ஆற்றுகிறவர் முன்னால் நிறுத்திவிடுவார். “பாத்துக்க. பாலைத் தேடி இவரு மார்க்கெட்டுக்கு ஓடுறாரா? பால் கைக்கு வருது. எந்த டின்னுல வந்துச்சுன்னு இவருக்கு எதுக்கு? இன்னைக்கு டின்ன மாத்துனாலும் இவரு ஆத்துறது மாறாது.” தே ஆற்றுகிறவருக்கு இந்தப் பாடம் மனப்பாடம். பிரேமலா வாயைத் திறக்கும்போதே குவளையை ஒரு முழம் கூடுதலாக உயர்த்திக் காட்டுகிறார்.

எந்தத் துண்டும் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது, வெளியிலிருந்து கைக்கு வரவேண்டும். பிரேமலாவின் மதம் இவ்வளவுதான். யாருக்கு எது போகவேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவைத்தால், அதைப் படித்து எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்க ஒரு பகுதி இருக்கிறது. தொழிலில் அதைக் கண்டெய்னர் என்பார்கள். பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அவருடைய மாமனார், மருமகளும் தன்னைப்போலக் கப்பல் சாமான் வேலைதான் பார்க்கிறாள் என்று வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிரேமலா திருத்தவில்லை. பெரியவர் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்கவேண்டும்?

கண்டெய்னர்களில் பெரியவை உண்டு. ஊரெல்லாம் அவற்றைத்தான் போடுகிறார்கள். நூறு வித்தை காட்டும். பிரேமலாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவர் போடுவது சின்னது. கோத்துக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. “தெரியாததுதான் அதோட நல்ல குணம்” என்பார், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற முகத்தோடு.

இந்தக் கிறுக்கு அலுவலகத்தோடு நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் வாளி காலியானதும் தானே சமையல்கட்டுக்கு ஓடினால், இவர் இலையில் சோறு இருக்கும்போதே எழுந்துவிடுவார். போய் வாசலில் ஒருவரை நிறுத்தி, நிறைந்த வாளியைக் கைமாற்ற ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திரும்பி வருவார். கணவர் தீபன் அதற்குள் தலையை இலையோடு இலையாகக் கவிழ்த்திருப்பார். பந்தி என்னவோ வேகமாக நடக்கும், அதையும் சொல்லவேண்டும்.

இப்படிப்பட்டவரின் கழுத்துக்குக் கத்தி வந்தது லாயாங் லாயாங்கில். அங்கே வீரமுத்து என்பவர், எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளை வாங்கும் மையம் நடத்துகிறார். குலை ஏற்றிய லோரி இரும்பு மேடையில் ஏறினால், மேடையோடு இணைந்த ஒரு பெட்டி எடையைக் காட்டும். அதைக் கணினி வாங்கி ரசீது அடிக்கவேண்டும். கொட்டகையில் இருந்த கணினியோ கிழடு. மாற்றச் சொன்னால், நன்றாகத்தானே ஓடுகிறது என்று வீரமுத்து மறுத்துவிட்டார். பெரிய கண்டெய்னரைப் போட்டால் அந்தக் கணினி தூக்கம் கலைந்து எழுவதற்குள் ஓட்டுநர் குளித்துவிட்டே வந்துவிடலாம். சின்னதுதான் சரி என்று பிரேமலா ஒற்றைக் காலில் நின்றார்.

முதலாளி கமலநாதனுக்கு அது பிடிக்கவில்லை. பெயர் தெரியாத சாமானைப் போட்டு நாளைக்கு இடறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. லாயாங் லாயாங்கில் இது கவிழ்ந்தால், இனி எந்த வேலையையும் வடிவமைப்பது பிரேமலா இல்லை. பழையபடி அறிக்கை அச்சடிக்கும் நிரல் எழுதப் போகவேண்டும். எத்தனையோ வருடம் அடுத்தவர் வரைந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் வரைகிற பென்சில் கைக்கு வந்திருந்தது. அதைப் பிடுங்குவேன் என்கிறார் மனுஷர். வயிறு எரியுமா எரியாதா? சரி பாஸ் என்று சொல்லிவிட்டு வந்தார் பிரேமலா.

நிரல் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை இடி இறங்கி எடை காட்டும் பெட்டி கருகிப்போனது. மறுநாள் காலை வேறு நிறுவனத்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழையது கேட்காமலே எடையைச் சொல்லிக்கொண்டிருக்கும். புதியதோ கேட்டால்தான் வாயைத் திறக்கும். வெட்டிய குலை காத்திருக்குமா? லோரிகள் சாலை வளைவு வரைக்கும் நின்றுவிட்டன. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வீரமுத்துவுக்கு வலை வீசிக்கொண்டிருந்தது. பிற்பகலுக்குள் ஓடவில்லை என்றால் திங்கட்கிழமை அவர்களைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டார் வீரமுத்து.

பிரேமலா மடிக்கணினியோடு போய்க் கொட்டகையில் உட்கார்ந்தார். புதுப் பெட்டியிடம் கேட்டு வாங்குகிற ஒரு துண்டை மட்டும் எழுதினார். கோக்கும் கோப்பில் பழைய தராசின் பெயர் இருந்த இடத்தில் புதிதின் பெயரைப் போட்டார். ரசீது அடிக்கிறவனுக்கோ கணக்குப் பார்க்கிறவனுக்கோ தராசு மாறியதே தெரியாது. இதற்காகத்தானே இத்தனை நாள் நகத்தால் தட்டித் தட்டி எல்லோருடைய வாயிலும் விழுந்தது! கோப்புகளைக் கொட்டகைக் கணினிக்கு மாற்றினார். முதல் லோரி ஏறியது. பன்னிரண்டாயிரத்து முந்நூறு கிலோ, ரசீது வந்தது. வாசலுக்கு வந்து கமலநாதனைக் கூப்பிட்டு, முடிஞ்சது பாஸ் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

இரண்டாவது லோரி முதலாவதைவிட ஒரு மடங்கு பெரியது. அதற்கும் பன்னிரண்டாயிரத்து முந்நூறு. அடுத்து ஏறியது குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும் காலி லோரி. அதற்கும் அதே.

“அலமாக்! என்னம்மா இது, காலி லோரியும் ரொம்பின லோரியும் ஒண்ணா?” என்றார் வீரமுத்து. ஓட்டுநர்கள் இறங்கி வந்து கூடிவிட்டார்கள். புதுப் பெட்டியின் முகத்தில் எடை சரியாகத்தான் ஓடியது. கணினித் திரைதான் பொய் சொன்னது. பிரேமலாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அலுவலக மாடியில் லோரிக்கு எங்கே போவது? சோதிப்பதற்கென்று அவர் ஒரு பொய்த் தராசு எழுதி வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் பன்னிரண்டாயிரத்து முந்நூறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அவசரத்தில் மடிக்கணினியின் சோதனைக் கோப்பை இங்கே ஏற்றியிருக்கிறார், பொய்யன் வந்து நிஜத் தராசின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கையில் கொடுப்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளப் பழக்கியவர் பிரேமலாதானே? எல்லாத் துண்டுகளும் மரியாதையாக வாங்கிக்கொண்டன.

“தப்பு என்னோடதுண்ணே. சாமான் மேல தப்பில்ல” என்றார். கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, நிரலைத் திரும்ப ஓடவிட்டார். அந்தக் கிழட்டுக் கணினியிலும் கண் சிமிட்டுவதற்குள் எழுந்துவிட்டது.

ஆனால் லோரி எதுவும் நகரவில்லை. ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். “இனிமே இது சொல்றத நான் எப்படிம்மா நம்புறது?” என்றார் வீரமுத்து. நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டே சிங்கப்பூர்க்காரர்களைக் கூப்பிடத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

பிரேமலா வெயிலில் நடந்து போய் இரும்பு மேடையின் நடுவில் ஏறி நின்றார்.

“அண்ணே, பெட்டியப் பாக்காதீங்க. ஸ்கிரீனப் பாத்துப் படிங்க. சத்தமா.”

“வேணாம்மா. இத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க.”

“படிங்கண்ணே.”

வீரமுத்து கூச்சத்தோடு எட்டிப் பார்த்தார். “எழுபது” என்றார். பிரேமலா இறங்கினார். “சைபர்.” மறுபடி ஏறினார். “எழுபது, எழுபது!” வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். சிரிப்பு ஒரு லோரியிலிருந்து அடுத்த லோரிக்குத் தாவிக்கொண்டே போனது. பெருங்குலை ஏற்றி வந்த ஓட்டுநர் ஒருவர், அக்காவே ஏறிட்டாங்க, எனக்கென்ன என்று சொல்லித் தன் லோரியைக் கிளப்பினார்.

வீரமுத்து தொலைபேசியில் கமலநாதனைப் பிடித்தார். “சிங்கப்பூரு வேணாம் லா” என்று அவர் சொல்வது வெளியில் நன்றாகக் கேட்டது. “அவனுங்க கேட்டுக்கிட்டிருந்த என் ரெண்டாவது மையத்து வேலையும் உனக்குத்தான். ஆனா இந்தப் பொண்ணு கையாலதான் பண்ணணும்.”

அதைக் கேட்டபோது பிரேமலா மேடையிலிருந்து இறங்கியிருந்தார். லோரி முன்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கு முகம் காட்டியபடியே பின்னால் பின்னால் நடந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வா வா என்று அதை மேடைமேல் அழைத்துக்கொண்டிருந்தார்.