மணி அடித்த பிறகு உட்கார்ந்தவள்

என்னிடம் இன்னும் ஒரு பல் வேர் ஊசி இருக்கிறது. தலைமுடிக் கனம்தான். அதன் நடுவில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. அது கண்ணில் பட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூர் ரயிலடிக்கு எதிரே ஓர் அறையில், திருச்சியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து பல் பார்த்த டாக்டருக்கு நான் கம்பவுண்டர். பல்லைப் பிடுங்காமல், வேருக்குள் ஊசி விட்டுக் கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைப்பார். செந்துறையிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வருவார்கள். காலையில் அவர் கை நிதானமானது. விட்டு விட்டு இறக்குவார், வேரின் நுனி தட்டியதும் நிறுத்திவிடுவார். காலையில் உட்கார்ந்தவர்களுக்கு மறுநாள் வலியே இராது. அவர் திரும்பும் சாயங்கால ரயிலுக்கு மணி அடித்தால் போச்சு! அதே கை நுனியைத் தாண்டிக் குத்தும். சரியாகக் கழுவாமல் அடைத்தும்விடும். கடைசி ஆளுக்கு முகம் வீங்கும். டாக்டர் ரயிலேறிப் போய்விடுவார், ஏச்சு வாங்குவது நான். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் தங்கைக்கு முன்பல் சொத்தை. புதன்கிழமை திருமானூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பல்லைப் பிடுங்கினால் ஓட்டைதான் தெரியும். முந்தின சனிக்கிழமை காலையிலேயே கூட்டிவந்தேன். ஆனால் பந்தியில் வீட்டுக்காரர்கள் கடைசியில்தானே உட்காருவோம்? வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டேன். "நம்ம வூட்டுப் பொண்ணுதாங்க, இருக்கட்டும்" என்று பெருமை வேறு. மணி அடித்த பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, பாவி.

புதன்கிழமை மேலுதடு வீங்கி, ஒரு கண் இடுங்கி, வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக உட்கார வைத்தேன். அடைப்பைத் திறந்ததும் சீழ் வடிந்தது.

"யாருய்யா இவளைக் கடைசில உக்கார வச்சது?"

"நான்தாங்க. கடைசி ஆளுக்கு எப்பவுமே வீங்குதுங்க சார்."

டாக்டர் அவள் சடைக் குஞ்சலத்திலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவி, வேரின் நீளத்துக்கு ஊசியில் முடிச்சுப் போட்டார். "முடிச்சு பல்லைத் தொட்டா என் கை நிக்கணும். நிக்கலைன்னா சத்தம் போடு." அன்று சாயங்காலம் மணி அடித்தது. கடைசி ஆளின் பல்லை முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை, ரயில் போய்விட்டது.

பல் பிழைத்தது. பிறகு வேறு இடத்தில் கல்யாணமும் ஆனது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பும்போது அவள் கேட்டது என் மனதைவிட்டுப் போகவில்லை.

"அண்ணே, நான் யாரோவா இருந்திருந்தா காலையிலயே உக்கார வச்சிருப்பல்ல?"

இந்த ஊசியைத் துடைத்துக் காகிதத்தில் மடிக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள்.