எதிர்க்கடை மூடிய பிறகு

ஜெராக்ஸ் அக்காவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் கிடையாது. அவள் முதல் மிஷினை இறக்கியபோது, அதற்குள் வைத்தால் அசலில் இருக்கும் மை போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. சான்றிதழைக் கொண்டுவந்துவிட்டு, அதைக் கையை விட்டு விட மாட்டார்கள். கடை வாடகை ரசீதை நகலெடுத்துக் காட்டித்தான் நம்ப வைத்தாள்.

நம்பிக்கை வந்ததும் கூடவே ஆறு கடைகள் வந்தன. எல்லோரும் விலையைக் குறைத்து அடித்துக்கொண்டார்கள். அக்கா துளியும் குறைக்கவில்லை. விடிந்ததும் கடையைத் திறந்துவிடுவாள். அவசரக்காரன் பேரம் பேச மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நகலெடுக்க வரும் கூட்டம் குறைந்தபோது பைண்டிங், லேமினேஷன் என்று சமாளித்தாள். அப்புறம் செல்போன் வந்து எல்லோர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டது. ஐந்து கடைகள் போய்ச் சேர்ந்தன.

மிஞ்சியது அவளும் எதிர்க்கடைக்காரரும். ஜெராக்ஸை விட்டால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் ஒருவர் மூடினால் போதும், தெருவே தனக்குத்தான் என்று மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்தான் முதலில் அலுத்துப்போய் மூடினார். அவருடைய மிஷினையும் அவளே வாங்கி, உதிரி பாகங்களுக்காகப் பிரித்துப் போட்டாள். சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் அவளுடைய இரண்டு மிஷின்களில் ஒன்று தாளுக்குத் தாள் கறுப்புக் கோடு போட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"ஒத்தைக் கடைக்காக அவ்வளவு தூரம் வர முடியாதுக்கா," என்றான் போனில். "ரெண்டு கடை இருந்துச்சு, வந்தேன். டோனர் மை கொண்டுவர்ற வண்டியும் இனிமே உங்க பக்கம் வராதாம்."

இன்னொரு மிஷினும் நின்றால் கதை முடிந்தது. அக்கா நேரே எதிர்க்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள்.

"கடையைத் திறங்கண்ணே. வர்றவங்கள்ல பாதிப் பேரை நானே உங்ககிட்ட அனுப்பறேன்."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "நான் எப்ப மூடுவேன்னுதானேம்மா காத்துக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா."

"என் மிஷின் எங்க?"

"பிரிச்சுப் போட்டுட்டேன்." வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப உங்க நல்ல மிஷினைக் கொடுங்க. திறக்கறேன்."

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் மறுநாள் நான்கு பேர் அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது, வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தியவள் அக்காதான்.