அவளோடு குடியிருந்த குற்றம்

மாடி வீட்டுக்காரி செய்கிற தொழில் தெருவுக்கே தெரியும். கீழே தையல் கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? விருப்பப்பட்டவர்கள் வருகிறார்கள், பிடிக்காதவனை அவள் வாசலோடு அனுப்பிவிடுகிறாள். அதனால் ஊர் ஒன்றும் மூழ்கிப்போகவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. கிளம்புகிற அவசரம் இல்லாத ஓர் ஆள் வீட்டில் வேண்டும். அப்படித்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தான். கையில் கிரீஸ், வாயில் மொக்கை ஜோக். அவளோடே குடியேறிவிட்டான். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தத்தில் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. திட்டுவேன். உள்ளூரப் பிடிக்கும்.

ஒருநாள் போலீஸ் வந்து அவளை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தத் தொழில் செய்கிறவளோடு குடியிருக்கிற ஆண், அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் என்று சட்டமே முடிவு கட்டிவிடுமாம். கல்யாணம் செய்துகொண்டாலும் அப்படித்தானாம். இல்லையென்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன், தப்பித்துவிடுவான் என்றுதான் நினைத்தோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று எங்கள் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூண்டில் அவனிடம் அரசு வக்கீல் சாதாரணமாகக் கேட்டார்.

"ஷூ புதுசா இருக்கே, யார் வாங்கினது?"

இவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. முகமெல்லாம் பல்.

"அவதாங்க. என் பிறந்தநாளுக்கு."

முடிந்தது கதை. ஜெயில்.

நான் என் வீட்டுக்காரருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தால் அன்பு. இவள் கொடுத்தால் குற்றம். புகார் கொடுத்தது யார் என்று வக்கீலைக் கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. அவங்களை மாதிரிப் பொண்ணுங்களைக் காப்பாத்தத்தான் சட்டம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்ந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க மூன்றாவது ஆளிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்? அவள் அவனை ஜெயிலுக்குப் பார்க்கப் போனாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் போர்வையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைப்பாள். அழுக்காக்கத்தான் ஆள் இல்லை.

விடுதலைக்கு முதல் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து, மறுபடி இங்கே தங்கினால் இந்தத் தடவை வருஷக்கணக்கில் உள்ளே போவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவன் நேராக மாடிக்கு வந்து கதவைத் தட்டினான். நான் படியில் நின்றேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"போயிடு."

"ஒருதரம் முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"பார்த்தா உன்னைப் போகவிட மாட்டேன்யா. அதான் சொல்றேன், போயிடு."

கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

அவன் தெருவுக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது.

"இளைச்சிருக்கானாக்கா?"

"ரொம்ப" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு தடதடவென்று படியிறங்கி ஓடினாள். கீழே வாசல்வரை ஓடினாள். வாசலைத் தாண்டவில்லை.